லண்டனில் தம்பியின் வழக்கு, மண்டபத்தில் அம்மாவின் டிரங்குப் பெட்டி

மண்டபம் முகாமிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"வணக்கம் சார். எங்களுக்கு ஊர் மன்னார்ப் பக்கம். 2006-ல் போட்டில் வந்து தீடையில் (கடல் நடுவே உள்ள மணல்திட்டில்) இறக்கிவிட்டார்கள், அன்றிலிருந்து மண்டபம் முகாமில்தான் இருக்கிறோம். பெரிய அண்ணா புலிகள் இயக்கத்தில் இருந்து 2008-ல் இறந்தவர். தம்பி 2016-ல் ஐ.நா. மூலம் ஊருக்குத் திரும்பிப் போனான். 2020 கார்த்திகையில் மாவீரர் நாளுக்கு அண்ணாவுக்கு விளக்கு வைத்தான் என்று பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அடுத்த வருசம் மறுபடியும் பிடித்தார்கள். சின்னப்பாதான் காசு கட்டி வெளியில் எடுத்தவர். 2022 கடைசியில் லண்டன் போய் அசைலம் அடித்தான். இப்போது ரிஜெக்ட் என்று பதினொரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தம்பி சாப்பிடுவதில்லை, நித்திரை இல்லை, போனில் அழுகிறான். ராமநாதபுரத்தில் ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் மன்னார் கோர்ட் பிடியாணை எடுத்துத் தருவாராம். அதை வைத்தால் கேஸ் வெல்லுமாம், தோற்றாலும் பிறகு புதுக்கேஸ் போடலாமாம். அம்மாவின் வளையல் மட்டும் மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா? அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? இங்கே இருந்து நான் ஏதும் செய்ய ஏலுமா?"

தங்கச்சி, வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே போன் செய்து கெடுவைப் பற்றி மட்டும் சொன்னேன், நினைவிருக்கும். மற்றவர்களுக்காக இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிரிட்டனுக்குள் இருப்பவரின் புகலிடக் கோரிக்கையை ஹோம் ஆபிஸ் (அந்த நாட்டு உள்துறை) மறுத்தால், முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டைப் பதிய 14 நாள்தான் இருக்கிறது. கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து கணக்கு ஓடும். கையில் எப்போது கிடைத்தது என்பது கணக்கில் வராது. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தபோதே ஆறு நாள் போயிருந்தது. தம்பியின் சொலிசிட்டர் பன்னிரண்டாம் நாள் பதிந்துவிட்டார், நல்லவேளை. கெடுவைத் தவறவிட்டவர்கள் தாமதத்துக்கான காரணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் வைத்துக் காலநீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில்.

பதிந்தாயிற்று என்பதால், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அவரை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. அந்த நாட்டின் 2002-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. இன்று இரவு தம்பி போன் செய்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் தூக்கம் கெட்டு, வேண்டாத ஆட்களிடம் போய் விழுகிறார்கள்.

நான் இப்போது ராமநாதபுரத்தில் வக்கீல். அதற்கு முன்னால் லண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் ஆறு வருஷம் இந்த வழக்குகளுக்குத்தான் கோப்புத் தயாரித்தேன். அங்கே இன்று எனக்கு ஆஜராகும் உரிமை இல்லை. தம்பியின் வழக்கை அவருடைய சொலிசிட்டர்தான் நடத்த வேண்டும். ஆனால் உங்கள் பதினொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். அந்தச் சொலிசிட்டருக்குத் தேவையான சரக்கில் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

முதல் தடவை சரியாகச் சொல்லவில்லை, இப்போது இன்னும் உருக்கமாகச் சொன்னால் நீதிபதி இரங்குவார் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நீதிபதியின் மேசையில் இருக்கப்போவது அந்தப் பதினொரு பக்கக் கடிதம். அதில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு, இதை நம்புகிறோம், இதை நம்பவில்லை, காரணம் இது என்று எழுதியிருக்கிறார்கள். நம்பவில்லை என்று எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு பதிலும் ஒரு தாளும் வைக்க வேண்டும். மேல்முறையீட்டில் வேலை என்றால் இதுதான். நம்புகிறோம் என்று எழுதிய இடங்களையும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அவர் தமிழர், மன்னார் மாவட்டத்தவர், அண்ணன் இயக்கத்தில் இருந்தவர் என்ற மூன்றையும் ஹோம் ஆபிஸே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

இனி நம்பாத இடங்கள். 34-ம் பத்தியைப் படித்துவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். "உங்களை விடுவிக்கப் பணம் கொடுத்தது உங்கள் தந்தையின் தம்பி என்று முதலில் சொன்னீர்கள். பிறகு சின்னப்பா என்ற நபர் கொடுத்ததாகச் சொன்னீர்கள். இந்த முரண்பாட்டுக்கு நீங்கள் விளக்கம் தரவில்லை" என்று இருக்கிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அப்பாவின் தம்பியைச் சின்னப்பா என்று கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்திருக்க வேண்டும். நம் பக்கம் ஊருக்கு நாலு பேருக்குச் சின்னப்பன், சின்னப்பா என்று பெயர் இருக்கிறதே! உறவு முறையைப் பெயர் என்று எடுத்து அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். ஒரே மனிதர் இரண்டு பேராகி, தம்பி பொய்யர் ஆகிவிட்டார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. இரண்டாவதாக, விரிவாக நடக்கும் பெரிய நேர்காணல் ஒலிப்பதிவு செய்யப்படும். அந்தப் பதிவின் நகலைச் சொலிசிட்டர் கேட்டு வாங்கி, ஈழத்துப் பேச்சு தெரிந்த தனி மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, எங்கே எப்படித் தவறியது என்று எழுதி வாங்க வேண்டும். கூடவே உங்கள் வாக்குமூலத்தில் ஒரு வரி: "எங்கள் அப்பாவின் தம்பியை நாங்கள் சின்னப்பா என்று அழைப்போம், அவருடைய பெயர் இன்னது." பெயரோடு அவருடைய அடையாள அட்டை நகலும் சேர்ந்தால் 34-ம் பத்தி அங்கேயே முடிந்தது. இதே மாதிரி வேறு சொல்லும் சிக்கியிருக்கலாம். "விசாரணைக்குக் கூட்டிப் போனாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஆங்கிலத்தில் கைதாகவும் வரும், வெறும் விசாரிப்பாகவும் வரும். இரண்டு நேர்காணலில் இரண்டு விதமாக வந்தால் அதையும் முரண்பாடு என்பார்கள். தம்பி பதிவைப் பொறுமையாக முழுக்கக் கேட்க வேண்டும்.

அடுத்தது 19-ம் பத்தி. குடும்பம் இந்தியா வந்தது 2007 என்று முதல் நேர்காணலிலும், 2006 என்று இரண்டாவதிலும் சொன்னாராம். முதல் நேர்காணல் பெயர், ஊர், வந்த வழி கேட்டுப் பதிவதற்காக நடப்பது. களைத்துப் போய் வந்தவரிடம் கேட்ட அந்தச் சுருக்கமான பதிலை விரிவான வாக்குமூலம் போல நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று அங்குள்ள தீர்ப்பாயங்களே சொல்லியிருக்கின்றன. ஆனால் வாதம் செய்து வெல்வதைவிடத் தாளைக் காட்டி வெல்வது சுலபம். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது.

போனில் நீங்கள் சொன்னது: அம்மாவின் டிரங்குப் பெட்டி, அடியில் சேலைத் துணியில் சுற்றி, உப்புக்காற்றில் ஓரம் பழுத்துப்போன குடும்ப அட்டை. அதில் குடும்பமாக நின்று எடுத்த படம், முன்வரிசையில் பதினாலு வயசுத் தம்பி, பதிவு எண், வந்திறங்கிய தேதி. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இப்படி எத்தனையோ பெட்டிகள் இருக்கின்றன. அந்த அட்டைக்கு லண்டனில் என்ன மதிப்பு என்று பெட்டிக்காரர்களுக்குத் தெரியாது. ஒரு அரசு அலுவலகம், இந்த வழக்கு வரும் என்று யாரும் நினைக்காத காலத்தில், தன் வேலைக்காக எழுதி வைத்த தேதி அது. தம்பிக்காக யாரும் தயாரித்ததில்லை. நீதிபதி நம்புவது அப்படிப்பட்ட தாளைத்தான்.

(சும்மா ஒரு விஷயம்: இந்த மண்டபம் முகாம் முன்பு எதிர்த்திசையில் ஆட்களை அனுப்பிய இடம். சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளிகளை வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேதான் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, பெயரைப் பதிந்து கப்பலேற்றினார்கள். நூறு வருஷமாக அந்த மண்ணில் ஆளைப் பதிந்துகொண்டே இருக்கிறார்கள்.)

முகாம் தனித்துணை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். 2006-ல் பதிந்த விவரம், தம்பி பெயர் இருந்தது, 2016-ல் நாடு திரும்பியதால் நீக்கப்பட்டது, இவற்றுக்குச் சான்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும், உங்களுக்குச் செல்லாது. சாதாரண மனுவே போதும், ஒரு நகலில் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சான்று வரத் தாமதமானாலும், கேட்டோம் என்பதற்கு அந்த முத்திரை ஆதாரம். தம்பி படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மன்னார்ப் பங்குக் கோயிலில் இருக்கும் அண்ணன், தம்பி, உங்கள் மூவரின் ஞானஸ்நானப் பதிவு, இவையும் வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்பதை அந்தப் பதிவு சொல்லிவிடும்.

2016-ல் தானாகத் திரும்பிப் போனவருக்கு என்ன பயம் என்று 22-ம் பத்தி கேட்கிறது. நியாயமான கேள்விதான், அதற்கு நியாயமான பதிலும் உண்டு. 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியது. இனிப் பிடிக்க மாட்டார்கள், காணி கிடைக்கும் என்று நம்பி இந்த முகாம்களிலிருந்து பலர் போனார்கள். அவர் திரும்பியது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில், வெளியேறும் அனுமதியோடு. அந்தத் தாள்களின் நகல் இருந்தால் அனுப்புங்கள். அவர் பிடிபட்டது 2020-ல், வேறொரு ஆட்சியில். 2016-ன் நம்பிக்கை 2020-ன் பயத்தைப் பொய்யாக்கிவிடாது.

சொந்த பாஸ்போர்ட்டில் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக எப்படி வந்தார் என்பது 38-ம் பத்தி. இலங்கைத் தமிழர் வழக்குகளில் இது ஹோம் ஆபிஸின் தேய்ந்த ரெக்கார்டு. 2013-ல் மேல்நிலைத் தீர்ப்பாயம் இலங்கைக்கென்று கொடுத்த வழிகாட்டித் தீர்ப்பிலேயே, லஞ்சம் கொடுத்து அந்த வழியாக வெளியேற முடியும் என்பது ஏற்கப்பட்டிருக்கிறது. சொலிசிட்டருக்கு இது மனப்பாடம். நீங்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முதுகிலும் தொடையிலும் இருக்கும் தழும்புகள் எப்படியும் வந்திருக்கலாம் என்கிறது 41-ம் பத்தி. தழும்பு இருப்பதாகத் தம்பி சொன்னது மட்டும்தான் கோப்பில் இருக்கிறது, மருத்துவர் அறிக்கை இல்லை. இது நம் பக்கத்துக் குறை. சித்திரவதைத் தழும்புகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர், ஒவ்வொரு தழும்பும் சொன்ன காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிமுறைப்படி எழுதித் தர வேண்டும். ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் என்ற தொண்டு நிறுவனம் அங்கே இந்த வேலையைச் செய்கிறது. சொலிசிட்டர்தான் அனுப்ப வேண்டும். தழும்பை ஆளை வைத்துத் தானே போட்டுக்கொண்டிருப்பார் என்று தள்ளப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே திருப்பி அனுப்பியது. அறிக்கை வரச் சில மாதம் ஆகும், இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், அவர் தூங்குவதில்லை, அழுகிறார் என்பதைக் குடும்ப மருத்துவரிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். உங்களிடம் அழுதது கோப்பில் ஏறாது, மருத்துவர் கணினியில் தட்டியது ஏறும். மனநிலை மிக மோசமானால் அதுவே மனித உரிமை அடிப்படையில் தனி வாதமாகவும் ஆகும். வாதம் கிடக்கட்டும், பையன் மருந்து சாப்பிட்டுத் தூங்கட்டும்.

லண்டனில் ஊர்வலங்களுக்குப் போனதெல்லாம் சும்மா கூட்டத்தோடு நின்றது, கொழும்பில் ஆட்சியும் மாறிவிட்டது என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 2021-ல் வந்த இன்னொரு வழிகாட்டித் தீர்ப்பு இதைப் பார்க்கும் முறையைச் சொல்கிறது: எந்த அமைப்போடு சேர்ந்து, என்ன செய்தார், எவ்வளவு காலம், ஊரில் முன்பு என்ன நடந்தது, குடும்பத்தில் யார் என்ன, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, தமிழ்ப் பிரிவினையில் குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவர் என்று இலங்கை அரசு இவரைக் கருதுமா என்று கேட்க வேண்டும். ஊர்வலப் படத்தை மட்டும் நீட்டினால் தோற்போம். அண்ணன், விளக்கு, இரண்டு தடவை பிடித்தது, ஊர்வலம் எல்லாம் ஒரே கயிறாக வர வேண்டும். ஆட்சி மாறியது என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதி அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிடவும் முடியாது. நிலைமை நிலையாக மாறிவிட்டது என்பதற்கு வலுவான சான்று வேண்டும். 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று எத்தனை அரசுகள் சொல்லிவிட்டன!

இப்போது உங்கள் வேலை. ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பிய மாதிரியில் முதல் வரி இப்படி இருந்தது: "என் தம்பியை இராணுவம் மிகக் கொடூரமாகச் சித்திரவதை செய்தது." தங்கச்சி, நீங்கள் அங்கே இல்லை. நீங்கள் மண்டபத்தில் இருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் நீதிபதி, இவர் தம்பி சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார் என்று பேனாவை வைத்துவிடுவார். நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் செய்ததையும் எழுதுங்கள். போனில் நான் கேட்கக் கேட்க நீங்கள் சொன்னது இது: "2021 மார்ச்சில் ஒரு ராத்திரி பத்து மணிபோல் சின்னப்பா கூப்பிட்டார். தம்பியை மறுபடி கொண்டுபோய்விட்டார்கள், காசு தேவை என்றார். அம்மா உடனே சங்கிலியைக் கழற்றினார். மறுநாள் காலை நான் பஸ் ஏறி உச்சிப்புளி போய் அம்மாவின் சங்கிலியையும் என் தோட்டையும் அடகு வைத்தேன்." அடகுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சார், மீட்கவே இல்லையே" என்றீர்கள்.

அந்தச் சீட்டைத்தான் சொல்கிறேன். எந்தத் தேதியில் பிடித்தார்கள் என்று தம்பி லண்டனில் சொன்னாரோ, அதற்கு இரண்டு நாள் கழித்த தேதி அதில் இருக்கிறது. பவுன் எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு, உங்கள் கையெழுத்து. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு அடகுக் கடைக்காரர் தன் கணக்குக்காக எழுதிய சீட்டு. ஒன்றரை லட்சத்துப் பிடியாணையைவிட இது கனம். அசலைப் பத்திரமாக வையுங்கள். பணம் எந்த வழியில் மன்னார் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதுவதற்கு முன் மட்டும் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை பேசுங்கள். பொய் எழுதக் கூடாது, அதே சமயம் உங்களுக்கு இங்கே ஒரு புதுத் தலைவலியும் வரக் கூடாது.

வாக்குமூலத்தைத் தமிழில், நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் சான்றுரையும் சேர வேண்டும். ஆங்கிலம் இல்லாத தாளைத் தீர்ப்பாயம் பார்க்காது. வீடியோவில் நானே பேசுகிறேனே என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அப்படிச் சாட்சி சொல்ல அந்த நாட்டு அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்பது முதலில் தெரிய வேண்டும் என்று 2021-ல் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த நடைமுறைக்கு நாளாகும். எழுத்து வாக்குமூலமே நடக்கிற காரியம். கியூ பிராஞ்சுக்கு (முகாம்களைக் கண்காணிக்கும் உளவுப் போலீசுக்கு) தெரிந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. புகலிட வழக்குகளில் பெயரை மறைக்க நீதிபதியிடம் உத்தரவு கேட்கலாம். கோரிக்கை விவரம் துன்புறுத்துவதாகச் சொல்லப்படும் அரசுக்குப் போகக் கூடாது என்பது அவர்களின் குடியேற்ற விதியிலேயே இருக்கிறது.

மன்னார் பங்குத்தந்தையின் கடிதத்தை "கேட்டதற்காக எழுதிக் கொடுத்தது" என்று தள்ளியிருக்கிறார்கள். கடிதத்தில் என்ன பிழை என்று பார்த்தேன். நல்ல பையன், துன்பப்பட்டான் என்று இருக்கிறதே தவிர, பாதருக்கு அது எப்படித் தெரியும் என்று இல்லை. காவல் நிலையத்துக்கு அவர் நேரில் போனாரா, எந்தத் தேதி, யாரிடம் பேசினார்? அப்படி மறுபடி எழுதித் தரச் சொல்லுங்கள். வந்த உறையைக் கிழித்துப் போடாமல் தபால் முத்திரையோடு அனுப்புங்கள். ஒரு ஆவணம் நம்பத்தக்கது என்று காட்ட வேண்டியவர் அதைத் தாக்கல் செய்பவர்தான் என்று 2002 முதல் அங்கே சட்டம். எங்கிருந்து, யார் கையால், எப்படி வந்தது என்ற கதையும் ஆவணத்தோடு போக வேண்டும்.

சரி, இப்போது அந்த ராமநாதபுரத்துக்காரர். லண்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். அவர் முதுகைப் பார்த்தவன் யாரும் அவர் சொன்னதைச் சந்தேகப்பட மாட்டான். சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு, கொழும்பில் யாரிடமோ காசு கொடுத்து ஒரு பிடியாணை வாங்கிவந்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தது. எங்கள் அலுவலகமும் சந்தோஷமாகத் தாக்கல் செய்தது. விசாரணை அன்று ஹோம் ஆபிஸ் தரப்பில் வந்த இளம்பெண் கேலண்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். பிடியாணையில் இருந்த தேதி பௌர்ணமி. இலங்கையில் போயா நாள் அரசு விடுமுறை, கோர்ட் கிடையாது. அத்தோடு முடிந்தது. தாள் பொய் என்றானதும் தழும்பும் பொய் ஆகிவிட்டது. அன்று அதைச் சரிபார்க்காதது என் தப்பும்தான், நாள்காட்டியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. பொய் ஆவணம் காட்டினால் அது நம்பகத்தன்மையைக் கெடுப்பதாக நீதிபதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2004-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தம்பி லண்டன் இறங்கி நாலு மாதம் கழித்துக் கோரிக்கை வைத்ததையும் அதே பிரிவில்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். அதற்கு, விசா இருந்தது, பயந்து போயிருந்தார், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் போதும், தாமதம் மட்டுமே ஒரு வழக்கைக் கொல்லாது. பொய் ஆவணம் கொல்லும். 2022 ஜூன் 28-க்குப் பிறகு கோரிக்கை வைத்தவர்களுக்கு நிரூபிக்கும் சுமையும் கூடியிருக்கிறது: அரசியல் காரணத்தால்தான் உண்மையாகவே பயப்படுகிறார் என்பதை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் திரும்பினால் ஆபத்து வருவதற்கு நியாயமான சாத்தியம் உண்டா என்ற பழைய இலகுவான அளவு.

தோற்றால் புதுக்கேஸ் போடலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். போடலாம்தான். ஆனால் 2002-ல் தேவசீலன் என்ற இலங்கைத் தமிழரின் வழக்கில் ஒரு விதி வந்தது. முதல் நீதிபதி என்ன முடிவு செய்தாரோ, அடுத்த நீதிபதி அதிலிருந்துதான் தொடங்குவார். முதல் தடவை பொய்யர் என்று எழுதப்பட்டால் அந்தச் சொல் கோப்போடு வந்துகொண்டே இருக்கும். அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்து அடுத்த கேஸில் காட்டலாம் என்று நினைத்தால், ஏன் முதலிலேயே காட்டவில்லை என்பதே முதல் கேள்வியாக வரும். மேல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்றால், அங்கே சட்டப் பிழை இருந்தால்தான் அனுமதி, அதற்கும் 14 நாள் கெடு. கதையைச் சொல்லும் இடம் முதல்நிலைத் தீர்ப்பாயம்தான். எழுத்தில் மட்டும் முடிக்காமல் நேரில் விசாரணை கேட்டிருக்கிறாரா என்று சொலிசிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தம்பி அவருக்குக் கட்டணம் கட்டுகிறாரா என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் புகலிட வழக்குக்குச் சட்ட உதவி உண்டு, வருமானமும் வழக்கின் வலுவும் பார்த்துக் கொடுப்பார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் மாடியில், போர்டு இல்லாத அறையில், நம் தமிழ் பேசி ரொக்கம் வாங்கும் ஆட்களும் உண்டு. சொலிசிட்டர் போன்ற தகுதி பெற்ற வக்கீலாகவோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவானவராகவோ இல்லாமல் அங்கே இந்த ஆலோசனை கொடுப்பதே குற்றம். பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள்.

இதே ராமநாதபுரத்துக்காரர் கீழக்கரை, தொண்டிப் பக்கம் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன்களிடமும், லண்டன் போய் அசைலம் அடித்தால் அப்பீலிலேயே பல வருஷம் ஓட்டலாம் என்று சொல்லிவருவதாகக் கேள்விப்பட்டேன். இந்தியா அங்கே பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் இருக்கிறது. அடிப்படையே இல்லை என்று ஹோம் ஆபிஸ் சான்று போட்டுவிட்டால் மேல்முறையீட்டு உரிமையே கிடையாது. மிஞ்சுவது நீதிப்புனராய்வு மனு மட்டும், அதில் ஹோம் ஆபிஸ் எடுத்த முடிவு சட்டப்படி சரியா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பையன்களின் வீட்டார் இதைப் படிக்கட்டும்.

தம்பியை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டால் நல்லதுதானே என்று அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். அவர் இலங்கை பாஸ்போர்ட்காரர், இங்கே பதிவை முடித்துக்கொண்டு போனவர், அனுப்பினால் கொழும்புக்குத்தான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அங்கே உள்ளது போன்ற மேல்முறையீடு இங்கே கிடையாது. ஆனால் 2025 செப்டம்பரில் புது வெளிநாட்டவர் சட்டத்தோடு வந்த உத்தரவில், 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு இருக்கிறது. நீங்கள் 2006. உங்கள் பதிவு அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் முகாமில் இருங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பெட்டியோடு என் அலுவலகத்துக்கு வாருங்கள். அட்டையையும் சீட்டையும் நீங்களே போனில் படம் எடுக்க வேண்டாம். போன தடவை அனுப்பியதில் பிளாஸ்டிக் உறைமேல் ஃபிளாஷ் அடித்து, வந்த தேதி இருக்கும் இடமே வெள்ளையாகப் போயிருந்தது. இங்கே ஸ்கேனர் இருக்கிறது.